காறை எலும்பும் எக்ஸ்-ரே படமும்

தமிழ்நாட்டை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மவர்களுக்கு நாளடைவில் எல்லாம் பழகிவிடுகின்றன. கடைத்தெருவில் பேரம் பேசும் அளவுக்கு இந்தியோ, மராத்தியோ, வங்காளமோ வந்துவிடுகிறது. அண்டை வீட்டாருடன் நல்லது கெட்டது பேசவும் முடிகிறது. ஆனால் உடம்புக்கு ஒன்று நேர்ந்து மருத்துவமனைக்குச் செல்லும்போது, பழகிய அந்த மொழி திடீரென்று போதாமற் போய்விடுகிறது. வலி என்று ஒரு சொல் சொல்லலாம். எப்படிப்பட்ட வலி, எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது என்று சொல்ல வேண்டுமானால் தாய்மொழிதான் நாவில் வந்து நிற்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மும்பையில் மாதுங்காப் பகுதியில் வாழ்கிறது. கணவர் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். மனைவி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்று, அந்த வருவாயில் மகனைப் படிக்கவைக்கிறார். மழைக்காலத்தில் ஒருநாள் அந்த அம்மாள் மாவுத் தூக்குடன் மாடிப்படி இறங்கும்போது ஈரத்தில் வழுக்கி, இடத்தோள் தரையில் மோத விழுந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே வீக்கம் கண்டது. சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் தடவி நீவிப் பார்த்தார்கள். வலி பொறுக்க முடியாததாயிற்று. மூன்றாம் நாள்தான் மருத்துவமனைக்குச் சென்றார்கள். மருத்துவர் தொட்டுப் பார்த்தவுடனே, காறை எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்-ரே படம் எடுத்து வாருங்கள் என்று சீட்டெழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதிலிருந்து கட்டு அவிழ்ந்தது வரை அந்த அம்மாளுக்கு நேர்ந்தவற்றைத் துணையாகக் கொண்டு, காறை எலும்பை எக்ஸ்-ரே எடுக்கும்போது நாம் எதிர்பார்க்க வேண்டியவை யாவை என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த எலும்பைப் பற்றி ஒரு சொல். மார்பின் நடுவே உள்ள எலும்பையும் தோள்பட்டை எலும்பின் நுனியையும் இணைத்து, கழுத்துக்குக் கீழே இருபுறமும் சற்றே வளைந்து கிடப்பது காறை எலும்பு. காறை என்பது நம் முன்னோர் கழுத்தில் அணிந்த வளையம் போன்ற ஓர் அணி. இந்தி பேசுவோர் இந்த எலும்பை ‘ஹன்ஸ்லி’ என்கிறார்கள். அவர்களுக்கும் ஹன்ஸ்லி என்பது கழுத்தில் அணியும் வளையமே. இருமொழியாரும் ஓர் எலும்புக்கு ஒரே நகையின் பெயரை வைத்திருக்கிறார்கள். ‘ஹன்ஸ்லி கீ ஹட்டி’ என்ற தொடரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் உதவும்.

கையை உடலோடு எலும்பு வழியாகப் பிணைக்கும் இணைப்பு இது ஒன்றே. ஆகவே, தோள் மோத விழும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் இதன் வழியே பாய்கிறது. எலும்பின் நடுப்பகுதி மெலிந்தது, பக்கத்துணை குறைந்தது. காறை எலும்பு முறிவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 இந்த நடுப்பகுதியிலேயே நேர்கின்றன. மிதிவண்டியிலிருந்து விழும் சிறுவன், ஸ்கூட்டரில் சறுக்கும் இளைஞர், குளியலறையில் வழுக்கும் முதியவர் ஆகிய எல்லாரும் இந்த முறிவுக்கு ஆளாகிறவர்களே. பிறக்கும்போதே இந்த எலும்பு முறிந்து, சில வாரங்களில் தானே கூடிவிடும் குழந்தைகளும் உண்டு.

முறிவு என்று ஐயம் தோன்றினால் நீவக் கூடாது. இழுத்துப் பார்க்கவும் கூடாது. முழங்கையை மடக்கி, முன்கையை மார்போடு சேர்த்து, ஒரு துண்டினால் கழுத்திலிருந்து தூளி போலத் தாங்கவிட்டு அழைத்துச் செல்வதே முதலுதவி.

இனி, எக்ஸ்-ரே அறைக்கு வருவோம். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரப் பேராசிரியர் ராண்ட்ஜன் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இக்கதிரைக் கண்டறிந்தார். சில வாரங்களுக்குப்பின் தம் மனைவியாரின் கையைப் படமெடுத்தார். அதில் விரலெலும்புகளும், அவற்றில் ஒன்றைச் சுற்றி மோதிரமும் தெரிந்தன. இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்கே கிடைத்தது. அந்த முதற்படமே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. தசையைக் கதிர் எளிதில் கடந்து செல்கிறது. எலும்பு அதில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. உலோகம் இன்னும் மிகுதியாகத் தடுக்கிறது. தடுத்த இடம் படத்தில் வெண்மையாகத் தெரியும். கழுத்திலும் தோளிலும் உலோகம் ஏதேனும் இருந்தால், அதன் வெண்ணிழல் எலும்பின்மேல் விழுந்து முறிவை மறைத்துவிடக் கூடும்.

ஆகையால்தான் படமெடுப்பவர் கழுத்தில் இருப்பவற்றைக் கழற்றச் சொல்கிறார். சங்கிலி, தாயத்து, கொக்கி, உலோகப் பொத்தான் எல்லாம் இதில் அடங்கும். பெண்கள் மறந்துபோகும் பொருள் ஒன்று உண்டு. புடவை முந்தானையைத் தோளில் நிறுத்தக் குத்தும் ஊக்கு, சரியாகக் காறை எலும்பின் பக்கத்திலேயே நிற்கிறது! பின்னலும் தோளின்மேல் விழுந்தால் நிழலாகத் தெரியும். ஆகவே அதை உயர்த்தி முடிந்துகொள்ள வேண்டும். விரல் மோதிரமும் கொலுசும் இப்படத்துக்குத் தடையல்ல.

மாதுங்கா அம்மாளிடம் தாலிச் சரடைக் கழற்றச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். படமெடுப்பவருக்கு அந்த மறுப்பின் பொருள் விளங்கவில்லை. அம்மாளுக்கோ விளக்கிச் சொல்ல மொழியில்லை. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்த கேரளத்து நர்ஸ் ஒருவர்தாம் நிலைமையைப் புரிந்துகொண்டு இருவருக்கும் இடையே பேசினார். உடன் வந்திருந்த அண்டை வீட்டுப் பெண் வீட்டுக்கு ஓடி, ஒரு மஞ்சள் கயிறு கொண்டுவந்தார். “கயிற்றைக் கட்டிக்கொண்டு சரடைக் கழற்றுங்கள், அக்கா. கழுத்து வெறுமையாக இராது” என்றார். அப்படியே செய்தார்கள். பருத்திக் கயிற்றில் உலோகம் இல்லை. அது படத்தைக் கெடுப்பதில்லை. நம் வீடுகளில் நெடுநாளாக உள்ள வழக்கம் எக்ஸ்-ரே அறையிலும் கைகொடுத்தது. இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் அந்த அரைமணி நேரக் கலக்கம் அவருக்கு நேர்ந்திராது.

பெண்கள் படமெடுப்பதற்குமுன் சொல்லியாக வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. கருவுற்றிருந்தாலும், கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். காறை எலும்பு கருப்பையிலிருந்து தொலைவில் இருப்பதால், தேவையானபோது மருத்துவர் படமெடுக்கச் சொல்லவே செய்வார். ஆனால் அதை அறிந்து முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

இதற்கு முன்னேற்பாடாகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை; ஊசியும் இல்லை. மேலாடையை நீக்கி, மருத்துவமனை தரும் தளர்ந்த உடையை அணியச் சொல்லலாம். பின்பு ஒரு தட்டின்மீது முதுகு படும்படி நிற்கவோ அமரவோ சொல்வார்கள். நிற்க இயலாதவரைப் படுக்கவைத்தும் எடுப்பார்கள். தட்டு சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். அவ்வளவே. கதிர் பாய்வது உடம்புக்குத் தெரியாது.

பொதுவாக இரண்டு படங்கள் எடுப்பார்கள். முதற்படம் நேராக முன்புறத்திலிருந்து எடுப்பது. இரண்டாவதற்குக் கருவியைச் சாய்த்து, கதிர் கீழிருந்து மேல்நோக்கிச் செல்லுமாறு அமைப்பார்கள். முதற்படம் சரியாக விழவில்லை போலும் என்று நாம் எண்ண வேண்டியதில்லை. நேர்ப்படத்தில் மேல் விலா எலும்புகளும் தோள்பட்டை எலும்பும் காறை எலும்பின்மேல் படிந்து தெரிகின்றன; சாய்த்து எடுத்தால் அது அவற்றினின்றும் விலகி மேலே தனித்துத் தெரிகிறது. மேலும், ஒரு பக்கமாகப் பார்த்தால் ஒட்டியிருப்பது போலத் தோன்றும் எலும்பு, மற்றொரு பக்கமாகப் பார்க்கும்போது விலகியிருப்பது தெரியவரும். சில வேளைகளில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நலமான பக்கத்தையும் எடுப்பார்கள்.

படமெடுக்கும் நொடியில் அசையாமல் இருப்பதே நாம் செய்ய வேண்டியது. ‘ஸான்ஸ் ரோகோ’ என்றால் மூச்சை நிறுத்து. ‘ஹில்னா மத்’ என்றால் அசையாதே. மராத்தியில் ‘ஹலூ நகா’ என்பார்கள். ‘ஸான்ஸ் லோ’ என்று சொன்னபின் வழக்கம்போல மூச்சு விடலாம். இச்சொற்களைக் கேட்கும்போது விழிக்காமல் இருந்தால், ஒரே முறையில் படம் தெளிவாக அமைந்துவிடும். தோள் வலியால் சொன்னபடி கையை வைக்க முடியவில்லை என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். ‘தர்த் ஹை’ என்று சொல்லுங்கள். வேறு விதமாக நிறுத்தியும் எடுக்க முடியும். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிட வேலையே.

படமெடுப்பவர் சுவருக்குப் பின்னே போய் நிற்பதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். நம்மைத் தனியே விட்டுவிட்டு அவர் ஒதுங்குவானேன் என்று நினைக்கிறார்கள். நமக்கு இது என்றோ ஒருநாள் எடுக்கும் படம். அவரோ நாள்தோறும் பலருக்கு, ஆண்டுதோறும் பல நாள் எடுப்பவர். அவர் ஒதுங்குவதன் காரணம் இதுவே. தோள்பகுதியை ஒருமுறை படமெடுக்க உடல் ஏற்கும் கதிர் ஏறத்தாழ 0.01 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதர் ஆண்டொன்றில் ஏற்பதோ உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். அதாவது, இந்தப் படம் இயற்கை நமக்கு ஒன்றிரண்டு நாளில் தரும் அளவைச் சேர்ந்தது. மோனசைட் மணல் நிறைந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலோ, கொல்லத்துக்கு வடக்கே உள்ள கரையிலோ இயற்கைக் கதிர் இதனினும் மிகுதி. எனினும், தேவையின்றி எடுப்பது வேண்டாம் என்பதே நல்ல நெறி. படமெடுத்தபின் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை, பத்தியம் தேவையில்லை, தாய்மார் உடனே குழந்தைக்குப் பாலூட்டலாம். சிறு குழந்தையைப் பிடித்துக்கொள்ளப் பெற்றோரை அழைத்தால், ஈய அங்கி அணிந்து நிற்கலாம். கருவுற்ற தாய் மட்டும் அதைச் செய்யாமல் வேறொருவரை விடுவது முறை.

இனி, படத்தைப் பார்ப்போம். மாதுங்கா அம்மாளும் கணவரும் தங்கள் படத்தைக் கண்டு கலங்கிவிட்டார்கள். எலும்பு இரண்டாக முறிந்து, ஒரு முனை மேலும் மற்றொன்று கீழுமாகக் கிடந்தது. இது எப்படிக் கூடும்? இனி மாவுத் தூக்கைத் தூக்க முடியுமா? மகனின் படிப்பு என்னாகும்? கேள்விகள் அடுக்கடுக்காக எழுந்தன.

அந்தத் தோற்றத்துக்குக் காரணம் எளியது. கழுத்துத் தசை உட்பக்கத் துண்டை மேலே இழுக்கிறது. கையின் பாரம் வெளிப்பக்கத் துண்டைக் கீழே தாழ்த்துகிறது. ஆகையால் நடுமுறிவுகள் பலவற்றில் இந்த ஏற்றத்தாழ்வு தெரியும். ஆயினும், காறை எலும்பு கூடுவதில் வல்லது. பெரும்பாலான முறிவுகள் அறுவையின்றியே, கையைத் தூளிக்கட்டில் தாங்கவைத்த அளவிலேயே கூடிவிடுகின்றன. சிறுவர்க்கு மூன்று முதல் ஆறு வாரம், பெரியவர்க்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். இந்த எலும்புக்கு மாவுக்கட்டுப் போடுவது வழக்கமில்லை. ஒரு துணியைக் கட்டி அனுப்பிவிட்டார்களே, ஏழைகள் என்பதால் கவனிக்கவில்லையோ என்று மனம் நோகாதீர்கள். அதுவே உரிய மருத்துவமாக இருக்கக் கூடும்.

அப்படியானால் படம் எதற்கு? தானே கூடும் பலவற்றிலிருந்து, கூடுதல் கவனம் வேண்டும் சிலவற்றைப் பிரித்தறிவதற்கே. துண்டுகள் மிகவும் விலகியுள்ளனவா, பலவாக நொறுங்கியுள்ளனவா, முறிவு தோள் நுனிக்கு அருகில் உள்ளதா என்றெல்லாம் பார்த்து, அறுவை வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். நுரையீரலின் மேற்பகுதியும் அதே படத்தில் விழுவதால் அதையும் நோக்குவார்கள். இளைஞர் படத்தில் மார்புப் பக்கத்து நுனியில் ஒரு கோடு தெரிந்தால் அது முறிவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தாயின் கருவில் முதன்முதலாக எலும்பாக இறுகத் தொடங்குவது காறை எலும்பே. ஆனால் அந்த நுனி முழுவதும் கூடி முடிவது ஏறத்தாழ 25 வயதளவில்தான். ஆகவே, படத்தை நாமே படித்து முடிவுகட்டுவது தகாது.

இங்கேதான் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி வருகிறது. எக்ஸ்-ரே படம் எலும்பைக் காட்டும்; நரம்பைக் காட்டாது. காறை எலும்புக்குக் கீழேதான் கைக்குச் செல்லும் பெரிய குருதிக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. கை மரத்துப்போதல், விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, கை குளிர்ந்து வெளுத்தல், மூச்சுத் திணறல், விழுங்க முடியாமை, முறிந்த முனை தோலை உள்ளிருந்து முட்டுதல் ஆகியவற்றை நாம்தான் உடனே சொல்ல வேண்டும். அந்த அம்மாளுக்கு முதல் நாளிலிருந்தே சுண்டுவிரல் மரத்திருந்தது. மரத்துப்போயிற்று என்பதற்கு இந்திச் சொல் தெரியாததால் அவர் அதைச் சொல்லாமலே வந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மகன் அறிந்து, மீண்டும் அழைத்துச் சென்று சொன்னான். மருத்துவர் உடனே கையையும் நாடியையும் விரல்களின் வலிமையையும் சோதித்தார். நல்லவேளையாக அது சிறு அழுத்தமே. வீக்கம் வற்றியதும் தானே நீங்கிற்று. பெரிய தீங்காக இருந்திருந்தால், ஒரு சொல் தெரியாத குறையினால் ஒரு கையே கேடுற்றிருக்கும். ‘ஹாத் ஸுன்ன ஹை’ என்றால் கை மரத்திருக்கிறது என்று பொருள். இதனைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல் மறந்துபோனால், மரத்த விரலைத் தொட்டுக் காட்டினாலும் போதும்; சொல்லாமல் மட்டும் திரும்பாதீர்கள்.

சொல்வது போலவே கேட்பதும் நம் கடமை. எந்த இடத்தில் முறிந்தது? எவ்வளவு விலகியுள்ளது? எத்தனை நாள் கட்டு? எப்போது கையை அசைக்கத் தொடங்கலாம்? அடுத்த படம் எப்போது? இந்த ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளை அவ்வூர் மொழியில் எழுதித் தருவான்.

ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில், உடனே புறப்பட்டு வந்து புத்தூர்க்கட்டுப் போடுங்கள் என்று சொல்வதும் உண்டு. அவர்களுடைய அன்பைக் குறைகூற முடியாது. ஆனால் முறிந்த தோளுடன் இரண்டு நாள் ரயிலில் இடிபட்டுச் செல்வதற்குமுன், படத்தைப் பார்த்த மருத்துவரின் சொல்லைக் கேளுங்கள். பிறகு எப்போது ஊருக்குச் சென்றாலும் படத்தையும் அறிக்கையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இப்போது பல இடங்களில் படம் கணினித் திரையிலேயே விழுகிறது. அச்சிட்ட தாளையோ, கைப்பேசியில் அதன் படியையோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பழைய படம் கையில் இருந்தால், அடுத்த மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். வீணாக மீண்டும் எடுக்க வேண்டியிராது. வழியில் மருத்துவர் மாறினாலும் மொழி மாறினாலும், எலும்பின் படம் எல்லாருக்கும் ஒரே செய்தியைத்தான் சொல்லும்.

ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தில் முறிவுக்கோடு இன்னும் தெரிந்தது. அம்மாள் மறுபடியும் கலங்கினார். மருத்துவர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார்; வலியில்லை. கையை உயர்த்தச் சொன்னார், உயர்ந்தது. எலும்பு கூடுவது முந்தி, படத்தில் அது முழுவதும் தெரிவது பிந்தி என்று அவர் விளக்கினார். முறிவைச் சுற்றி மேகம் போலத் தெரிந்த மங்கலான வெண்மை, புது எலும்பு வளர்வதன் அடையாளம். கூடிய இடத்தில் ஒரு சிறு புடைப்பு நிலைத்துவிடுவதும் இயல்பே. அதனால் பெரும்பாலோருக்குத் தொல்லை ஏதுமில்லை.

அந்த அம்மாள் நான்காம் மாதம் மாவு வியாபாரத்தை மீண்டும் தொடங்கினார். தூக்கை மகன் இறக்கிக் கொடுக்கிறான். இடத்தோளருகே உள்ள புடைப்பின்மேல் தாலிச் சரடு படிந்து கிடக்கிறது. பக்கத்துக் குடியிருப்புகளில் யாராவது விழுந்து அடிபட்டால், இப்போது அவரே உடன் செல்கிறாராம். ஊக்கைக் கழற்றினாயா, விரல் மரத்திருக்கிறதா என்று அவர்தாம் முதலில் கேட்கிறாராம்.

நேயர்களே, கருவி நம்மிடம் வேண்டுவது சில நொடி அசையாமை மட்டுமே. அதற்குமுன் சொல்ல வேண்டியதைச் சொல்வதும், அதற்குப்பின் கேட்க வேண்டியதைக் கேட்பதும் நம் கையில் இருக்கின்றன. மொழி தடுமாறலாம், அதற்காக நாணி வாயடைத்து நிற்க வேண்டாம்.